லியோண்டியஸின் கண்கள்

ஒரு படைப்பைப் பார்த்துவிட்டு ‘இரண்டு நாட்களாகத் தூக்கமில்லை’ என்று ஒருவர் சொன்னால் அது பாராட்டா, புகாரா? ‘வயிற்றைப் புரட்டியது, பாதியில் நிறுத்திவிட்டேன்’ என்பது நிராகரிப்பா, சிபாரிசா? 2022 செப்டம்பர் 21 அன்று நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட, ஜெஃப்ரி டாமர் என்ற அமெரிக்கத் தொடர்கொலையாளியைப் பற்றிய பத்து அத்தியாய டெலிவிஷன் நாடகத்துக்கு வந்த எதிர்வினைகளைக் கவனித்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வார்த்தைகள் புகாரின் வார்த்தைகள். தொனியோ பாராட்டின் தொனி. அருவருப்பு ஒரு நற்சான்றிதழாகிவிட்டது.

விஷயத்தைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். டாமர் 1978க்கும் 1991க்கும் இடையில் பதினேழு பேரைக் கொன்றவன். முதல் கொலை ஓஹையோவில். மற்றவை விஸ்கான்ஸின் மாநிலத்து மில்வாக்கி நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும். கொல்லப்பட்டவர்கள் இளைஞர்களும் சிறுவர்களும், பெரும்பாலோர் கறுப்பர்கள். 1991 ஜூலை 22 அன்று, கையில் விலங்கோடு தப்பித்து ஓடிவந்த ஒருவர் தெருவில் போலீஸ்காரர்களை நிறுத்தியதால் பிடிபட்டான். 1992இல் அடுத்தடுத்துப் பதினைந்து ஆயுள் தண்டனைகள். 1994 நவம்பரில் சிறைக்குள் சக கைதி ஒருவனால் கொல்லப்பட்டான். நாடகத்தை உருவாக்கியவர்கள் ரையன் மர்ஃபி, இயன் பிரென்னன். டாமராக நடித்தவர் இவான் பீட்டர்ஸ். இதற்காக அவருக்கு 2023 ஜனவரியில் கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது.

என் விஷயம் டாமர் அல்ல. நாடகம்கூட அல்ல, பாதி அளவுக்குத்தான். என் விஷயம் பார்த்தவர்கள்.

1

எதிர்வினைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, உடம்பால் பேசியவர்கள்: குமட்டியது, வியர்த்தது, விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தேன். இரண்டாவது வகை, ‘இதில் பயப்பட என்ன இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று மார்தட்டியவர்கள். மூன்றாவது, கொலையாளியின் தனிமையைக் கண்டு, அவனுடைய பால்யத்தைக் கண்டு மனம் இளகியவர்கள். இவர்களில் ஒரு சிலர் இளக்கத்தோடு நில்லாமல் மோகம் வரைக்கும் போனார்கள். அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்கர்களின் மாறுவேடப் பண்டிகைக்கு டாமர் வேஷ உடைகள் விற்பனைக்கு வந்து, ஈபே என்ற விற்பனைத் தளம் அவற்றை நீக்க நேர்ந்தது. நான்காவது, ‘இதை எடுத்திருக்கவே கூடாது’ என்றவர்கள்.

முதல் வகையும் இரண்டாவது வகையும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். அப்படி இல்லை. இரண்டு பேரும் ஒரே தராசைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு முள் சாய்ந்தது, மற்றவருக்குச் சாயவில்லை. படைப்பு தன் நரம்பில் எவ்வளவு மின்சாரம் பாய்ச்சியது என்பதே இருவருக்கும் அளவு. மிளகாய் தின்னும் பந்தயத்தில் ஒருவன் கண்ணீர் விட்டுக் காட்டுகிறான். இன்னொருவன் கண்ணீர் விடாமல் காட்டுகிறான். மிளகாயைப் பற்றி இருவருமே எதுவும் சொல்லவில்லை.

இதன் உச்சமாக ஒன்று நடந்தது. டாமர் தன் கையால் கொன்றவர்களைத் தானே போலராய்டு காமிராவில் எடுத்து வைத்திருந்தான். அந்தப் படங்கள்தாம் 1991இல் போலீஸாரிடம் சிக்கிய முதல் சாட்சியம். நாடகம் வந்த சில வாரங்களுக்குள், அந்த அசல் படங்களை இணையத்தில் தேடிப் பிடித்து, அவற்றைப் பார்க்கும்போது தங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைப் படம்பிடித்து டிக்டாக்கில் வெளியிடும் பழக்கம் ஒன்று பரவியது. பார்ப்பவன் தன்னையே காட்சியாக்கிவிட்டான். திரையில் தெரிந்தது அவனுடைய விரிந்த கண்களும், வாயைப் பொத்திய கையும். இறந்தவர்கள் காமிராவுக்குப் பின்னால், வெறும் தூண்டுகோலாக.

2

பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலின் நான்காம் புத்தகத்தில் ஒரு சின்னக் கதை சொல்கிறார். லியோண்டியஸ் என்பவன் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸுக்கு நடந்து வருகிறான். வடக்கு மதிலின் வெளிப்பக்கத்தில், கொலைத் தண்டனை நிறைவேற்றுபவனுக்கு அருகில், பிணங்கள் கிடக்கின்றன. பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்க்கக் கூடாது என்று அருவருப்பு. சற்று நேரம் முகத்தை மூடிக்கொண்டு போராடுகிறான். முடியவில்லை. பிணங்களை நோக்கி ஓடுகிறான். தன் கண்களை அகல விரித்து, அந்தக் கண்களையே சபிக்கிறான் — போதும் போதும் என்கிறவரை தின்னுங்கள், பாவிகளே, என்ற அர்த்தத்தில்.

பிளேட்டோவுக்கு இந்தக் கதை எதற்கு என்றால், ஆசை வேறு, கோபம் வேறு, இரண்டும் ஒரே ஆத்மாவுக்குள் மோதிக்கொள்ள முடியும் என்று காட்டுவதற்கு. நமக்கு வேறொன்றுக்குப் பயன்படுகிறது. லியோண்டியஸ் பார்த்துவிட்டான். தோற்றுவிட்டான். ஆனால் தோற்றது தான்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கோபப்பட்டது தண்டனை நிறைவேற்றியவன் மீதல்ல, பிணங்களை அங்கே போட்டவர்கள் மீதல்ல. தன் கண்களின் மீது.

இருபத்து நான்கு நூற்றாண்டுகள் கழித்து டிக்டாக்கில் தன் முகத்தைப் படமெடுத்தவனிடம் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான். ஆசை இருக்கிறது. அருவருப்பும் இருக்கிறது, நடிப்பு என்று சொல்லிவிட முடியாத அருவருப்பு. ஆனால் இரண்டும் மோதவில்லை. கைகோத்துக்கொண்டு போகின்றன. அருவருப்பு ஆசையைத் தடுக்கவில்லை. அதற்கு அனுமதிச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறது. ‘எனக்கு எவ்வளவு குமட்டுகிறது பார், ஆகவே நான் நல்லவன், ஆகவே நான் மேலும் பார்க்கலாம்’ என்பதே இதன் தர்க்கம்.

பயங்கரத்தைப் பார்க்க விரும்புவது மனிதனின் இயல்பு. அதை ஒழித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் போதகர்கள். அவர்களோடு எனக்கு வேலையில்லை. கேள்வி, ஒரு படைப்பு அந்த இயல்பை என்ன செய்கிறது என்பது. தன் கண்களை இவன் ஒரு கணமாவது திரும்பிப் பார்க்கும்படி செய்கிறதா, அல்லது அவற்றுக்குத் தீனி மட்டும் போடுகிறதா?

3

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களங்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இந்தப் பட்டியலைப் பழம்பண்டமாக ஒதுக்கிவிடாமல் இங்கே வைத்துப் பார்த்தால் ஒன்று துலக்கமாகிறது. டாமர் நாடகத்தைக் கண்டு அஞ்சியவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள்? அவனுக்குள் புகுந்த ஏதோ ஒன்றைக் கண்டு என்றார்கள் சிலர், அது அணங்கு. அவன் மனிதனே அல்ல என்றார்கள் சிலர், அது விலங்கு. பக்கத்து வீட்டில் இப்படி ஒருவன் இருந்தால் என்ன செய்வது, கதவு பூட்டியிருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்தேன் என்றார்கள் பலர், அது கள்வர். நான்காவது எங்கே?

நான்காவது நாடகத்திலேயே இருக்கிறது. 1991 மே 27 அதிகாலை நடந்தது இது. லாவோஸிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பதினான்கு வயதுப் பையன் டாமரின் அறையிலிருந்து தப்பித்து, போதை மருந்தில் நினைவு தடுமாறி, உடம்பில் துணியில்லாமல், இரத்தக் காயத்தோடு தெருவில் நிற்கிறான். கறுப்பினப் பெண்கள் சிலர் அவனைச் சூழ்ந்து காப்பாற்றப் பார்க்கிறார்கள், போலீஸை வரவழைக்கிறார்கள். டாமரும் வருகிறான். பையனுக்கு வயது பத்தொன்பது, என் காதலன், குடித்திருக்கிறான் என்கிறான். போலீஸ்காரர்கள் வெள்ளைக்காரனின் பேச்சை நம்பி, கறுப்புப் பெண்களின் பேச்சைத் தள்ளிவிட்டு, பையனைத் தாங்களே அறைக்குள் கொண்டுபோய் விட்டு வருகிறார்கள். பிறகு வயர்லெஸ்ஸில் இதைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறார்கள். பையன் அன்றே கொல்லப்பட்டான். மூன்று நாட்களுக்கு முன் கொல்லப்பட்ட இன்னொருவரின் உடல் அப்போது அதே வீட்டுக்குள் கிடந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய் கிளெண்டா கிளீவ்லண்ட். அவர் போலீஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்: அது குழந்தைதானே, நிச்சயமாகத் தெரியுமா? வயது வந்தவன்தான் என்று பதில் வந்தது. அவர் அதோடு விடவில்லை. பல தடவை முயன்றார். பலனில்லை. அதன் பிறகு இன்னும் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள்.

மேலும் சொல்கிறேன். வேலை நீக்கம் செய்யப்பட்ட இரண்டு போலீஸ்காரர்களும் 1994இல் நீதிமன்றத்தின் மூலம் வேலைக்குத் திரும்பினார்கள். 1995இல் நகர நிர்வாகம் பையனின் குடும்பத்துக்கு எட்டரை லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இருவரில் ஒருவர் 2005இல் மில்வாக்கி போலீஸார் சங்கத்தின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொல்காப்பியர் சொன்ன நான்காவது அச்சம் இதுதான். ஆள்பவர்களைக் கண்டு ஆளப்படுகிறவர்களுக்கு வருவது. கொலையாளி விதிவிலக்கு, அவனைப் போல் ஒருவன் ஒரு ஊரில் ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லும் பெண்ணின் தோலின் நிறத்தைப் பார்த்து அவள் வார்த்தைக்கு எடைபோடும் நிர்வாகம் தினமும் காலையில் அலுவலகத்தைத் திறக்கிறது.

பார்த்தவர்களுக்கு இது உறைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையப் பேருக்குக் கோபம் வந்தது, சொன்னார்கள். ஆனால் கோபம் வேறு, அச்சம் வேறு. முப்பது வருஷத்துக்கு முந்திய இரண்டு போலீஸ்காரர்கள் மீது கோபப்படுவது சௌகரியமான காரியம். அவர்களை முட்டாள்கள் என்று திட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். கோபம் திரையை நோக்கிப் போகிறது. அச்சமோ தன்னை நோக்கித் திரும்புவது: நான் கூப்பிடும்போது இப்படித்தான் பதில் வருமா? அல்லது, இன்னும் கூர்மையாக, ஒருத்தி என்னைக் கூப்பிட்டுச் சொல்லும்போது நானும் இப்படித்தான் பதில் சொல்கிறேனா? இந்தக் கேள்வி எழுந்தால் தூக்கம் போவதில் அர்த்தமுண்டு. கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தால் தீர்ந்துபோகும் பயம் பயமே அல்ல.

4

எதிர்வினைகளில் திரும்பத் திரும்ப வந்த இன்னொரு புகழ்ச்சி, ‘அச்சு அசல்’ என்பது. நடிகரின் நடை, குரல், மூக்குக் கண்ணாடி, அறையிலிருந்த மீன் தொட்டி, எல்லாம் அப்படியே என்று. இந்த அளவுகோல் நமக்குப் புதிதல்ல. வேஷம் பொருந்தியிருக்கிறதா என்பதை நடிப்பாகவும், செட் பொருந்தியிருக்கிறதா என்பதை யதார்த்தமாகவும் எடுத்துக்கொள்ளும் ரசனை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இங்கே அது ஒரு குரூரத்தில் போய் முடிந்தது.

1992 பிப்ரவரியில் நீதிமன்றத்தில், கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் சகோதரி டாமரை நேருக்கு நேர் பார்த்துக் கதறி, அவன் மீது பாயப்போனார். விசாரணை டெலிவிஷனில் ஒளிபரப்பாகியிருந்ததால் அந்தக் காட்சி பதிவாகியிருக்கிறது. நாடகம் அதை வார்த்தைக்கு வார்த்தை, சட்டைக்குச் சட்டை, தலைமுடிக்குத் தலைமுடி திரும்பச் செய்தது. பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வியந்தார்கள். தன் வாழ்க்கையின் மிக மோசமான இரண்டு நிமிஷங்கள், இன்னொருத்தியின் நடிப்புத் திறமைக்கு மதிப்பெண் போடும் விடைத்தாளாகிவிட்டதை அந்தச் சகோதரி காண நேர்ந்தது. தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று அவர் எழுதினார். குடும்பத்தவர், நண்பர்கள் என்று இருபது பேரை அணுகினோம், யாரும் பதில் சொல்லவில்லை என்றார் ரையன் மர்ஃபி. அமெரிக்கச் சட்டப்படி, நீதிமன்றத்தில் பகிரங்கமாக நடந்ததைப் படமாக்க யாருடைய சம்மதமும் தேவையில்லை. இதில் யார் சொல்வது சரி என்ற விசாரணை விமர்சகனின் வேலையல்ல. அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவர் கேட்காமலே போதுமான அளவு புழங்கிவிட்டது.

விமர்சகனின் வேலை, இந்தத் தத்ரூபம் உண்மையைச் சொல்கிறதா என்று பார்ப்பது. சொல்லவில்லை. நாடகத்தில் கிளெண்டா கிளீவ்லண்ட், டாமருக்கு அடுத்த வீட்டுக்காரர். சுவருக்கு அப்பால் சத்தத்தைக் கேட்கிறார், காற்றுத் துவாரம் வழியாக வரும் நாற்றத்தை முகர்கிறார். உண்மையில் அவர் அந்தக் கட்டடத்திலேயே இருந்தவரில்லை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். அடுத்த வீட்டுக்காரர் வேறு ஒருவர். இருவரையும் ஒருவராக்கியிருக்கிறார்கள்.

நாடகாசிரியனுக்கு இந்த உரிமை உண்டு என்பார்கள். உண்டுதான். ஆனால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று கணக்குப் பார்க்க வேண்டும். கிடைத்தது, ஒரே சுவரின் இரு பக்கமும் அரக்கனும் மனசாட்சியும் என்ற விறுவிறுப்பு. போனது, உண்மையின் அழுத்தம். அவர் நாற்றம் தாங்காமல் கூப்பிடவில்லை. சுவர் வழியாகச் சத்தம் கேட்டுக் கூப்பிடவில்லை. இன்னொரு கட்டடத்தில் இருந்துகொண்டு, தன் வீட்டுப் பெண்கள் வந்து சொன்னதை நம்பி, முன்பின் தெரியாத ஒரு பையனுக்காகக் கூப்பிட்டார். அசல் கிளீவ்லண்டின் மகத்துவம் இதில் இருக்கிறது. நாடகம் அவருக்கு நிறைய நேரம் கொடுத்தது. நைஸி நாஷ் அந்தப் பாத்திரத்தைச் சக்தியோடு செய்தார், 2024 ஜனவரியில் எம்மி பரிசும் பெற்றார். ஆனால் அண்டை வீட்டுக்காரராக மாற்றியதில் அறம் வெறும் அருகாமையாகச் சுருங்கிவிட்டது.

பார்த்தவர்களுக்கு இது தெரியாமல் போனதற்குக் காரணமே அந்த அச்சு அசல்தான். காமிரா இருந்த இடங்களில் எல்லாம் நகல் துல்லியம். ஆகவே காமிரா இல்லாத இடங்களில் இட்டுக்கட்டியதும் துல்லியம்தான் என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. பூட்டிய அறைக்குள் இரண்டு பேர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்குக் கொன்றவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. அசல் முத்திரைத்தாளில் எழுதிய கற்பனைப் பத்திரம் இது. மூக்குக் கண்ணாடி சரியாக இருப்பதால் பேச்சும் சரியாக இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

5

எதிர்வினைகளைத் தொகுத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் எனக்கு நம்பிக்கை தந்தது. மிகக் கடினமாக இருந்தது எது என்று கேட்டபோது ஏராளமானோர் சொன்னது ஆறாவது அத்தியாயத்தை. அதில் இரத்தம் குறைவு. காது கேளாத, பேச இயலாத ஓர் இளைஞனின் கதை அது. அவன் பிறந்தது, தாய்க்குச் செல்லமாக வளர்ந்தது, நண்பர்களோடு கைஜாடையில் அரட்டை அடித்தது, வேலை தேடியது, காதலுக்கு ஆசைப்பட்டது என்று போகிறது. பல இடங்களில் ஒலி அடங்கிவிடுகிறது. அவன் கேட்பதைப் போல நாமும் எதையும் கேட்பதில்லை. அந்த வேடத்தில் நடித்தவரும் காது கேளாதவர். டாமர் வெகு நேரம் கழித்துத்தான் வருகிறான். வந்ததும் பார்ப்பவனுக்குக் குலை நடுங்குகிறது. காரணம் இப்போது அவன் கண்டு அஞ்சுவது கொலையாளிக்காகவோ தனக்காகவோ அல்ல, அந்த இளைஞனுக்காக.

பார்ப்பவர்கள் மரத்துப்போனவர்கள் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்; அந்த ஒரு மணி நேரத்தில் ஜனங்கள் அவனை நேசித்துவிட்டார்கள். நேசிக்கும் சக்தி குறைந்துபோகவில்லை. குறை எங்கே என்றால், நேரத்தைப் பங்கிட்டதில். கொல்லப்பட்டவர்கள் பதினேழு பேர். ஒரு முழு அத்தியாயத்தின் மையத்தில் நின்றவன் அவன் ஒருவன்தான். மிச்ச நேரத்தின் பெரும்பகுதி யாருடன் கழிகிறது? கொன்றவனுடன். அவனுடைய சிறுவயது, அவன் அப்பா, அவன் பாட்டி, அவன் குடி, அவன் தனிமை. யாருடன் அதிக நேரம் இருக்கிறோமோ அவன் பக்கம் மனம் சாயும். ரயில் பயணத்தில் எதிர் இருக்கைக்காரனிடம் ஏற்படும் ஒட்டுதல் போல. கொலையாளி மீது வந்த அந்தப் பரிதாபத்துக்கு அடிப்படை தத்துவமும் அல்ல, மனோதத்துவமும் அல்ல, வெறும் சகவாசம். நாடகத்தின் பார்வை என்ன என்று வசனத்தில் தேட வேண்டியதில்லை. நேரம்தான் பார்வை. யாருக்கு எத்தனை மணி என்பதில் படைப்பின் அறம் அடங்கிவிடுகிறது.

ஒப்பிட ஒரு படம் இருக்கிறது. ஃபிரிட்ஸ் லாங் 1931 மே மாதம் பெர்லினில் வெளியிட்ட ‘எம்’. குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றியது. டூஸல்டார்ஃபின் பீட்டர் கூர்ட்டன் வழக்கு முந்திய மாதம்தான் முடிந்திருந்தது. ஜூலையில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. அதாவது இதுவும் பேப்பர்களில் சூடு ஆறாத விஷயம். லாங் என்ன செய்கிறார்? ஒரு தாய் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைத்துவிட்டுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்காகக் காத்திருக்கிறாள். கூப்பிடுகிறாள். காலியான மாடிப்படி. துணி காயும் காலியான பரண். காலித் தட்டு. புதரிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. மின்கம்பிகளில் ஒரு பலூன் சிக்கிப் பறந்துபோகிறது. கொலை இல்லை. கொலையாளியின் முகம்கூட இல்லை. விளம்பரத்தாளின் மீது விழும் நிழலும் ஒரு சீட்டியும் மட்டும்.

லாங்கும் கடைசியில் கொலையாளியைப் பேச விடுகிறார். பீட்டர் லோரே, தன்னால் தன்னை அடக்க முடியவில்லை என்று கதறும்போது நமக்கும் இரக்கம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரக்கத்துக்கு நாம் விலை கொடுத்திருக்கிறோம். காலித் தட்டு முதலில் வந்துவிட்டது. அதை மறந்துவிட்டு இவனுக்கு இரங்க முடியாது. படம் முடியும்போது திரையில் இருப்பது அவன் முகம் அல்ல, கறுப்பு உடை அணிந்த தாய்மார்கள். தீர்ப்பு வந்தாலும் குழந்தைகள் திரும்பி வரப்போவதில்லை என்கிறாள் ஒருத்தி. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். பலூனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேல் பார்க்க ஆசைப்படும் தன் கண்களைப் பார்ப்பவன் உணர்கிறான். லியோண்டியஸின் கணம் அது.

டாமர் நாடகத்தை ஆக்கியவர்களுக்கு இந்த வழி தெரியாமலில்லை. ஆறாவது அத்தியாயமே சாட்சி. ஏழாவதற்கு ‘கஸாண்ட்ரா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் — உண்மையைச் சொல்லியும் யாரும் நம்பாத சாபம் பெற்ற கிரேக்கப் பெண். ஆகவே தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். தெரிந்தும் இரண்டு அத்தியாயங்களோடு நின்றுகொண்டதில் வியாபாரம் இருக்கிறது. தலைப்பிலும் விளம்பரத்திலும் இருப்பது அவன் முகம்; வாங்க வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள் என்ற கணிப்பு. கணிப்பு பொய்க்கவுமில்லை. வெளியான அறுபது நாட்களுக்குள் மொத்தம் நூறு கோடி மணி நேரம் பார்க்கப்பட்டதாக நெட்ஃபிளிக்ஸ் பெருமையோடு அறிவித்தது. வருஷக் கணக்கில் சொன்னால் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருஷங்களுக்குச் சற்று மேல். பிறகு அதே தலைப்பின் கீழ் 2024இல் வேறொரு கொலை வழக்கு, 2025இல் எட் கீன்.

6

நான்காவது வகையினருக்கு, அதாவது எடுத்திருக்கவே கூடாது என்றவர்களுக்கு, ஒரு வார்த்தை. அவர்களுடைய வேதனையை நான் மதிக்கிறேன். அதிலும் குடும்பத்தவர்களின் வேதனைக்கு முன் விமர்சனம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கொள்கையாகச் சொன்னால் அது சரியாகாது. பதினேழு பேர் செத்தது, ஓர் ஊரே கேட்காமல் இருந்தது, இதெல்லாம் சொல்லப்பட வேண்டியவை. மௌனம் வசதியாக இருப்பது, வயர்லெஸ்ஸில் சிரித்தவர்களுக்குத்தான்.

மில்வாக்கி நகரம் இந்த மௌனத்தை ஒரு தடவை விலைகொடுத்து வாங்கிப் பார்த்தது. டாமர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தை 1992இல் இடித்தார்கள். அவனுடைய தட்டுமுட்டுச் சாமான்களை, கருவிகளையும் குளிர்பதனப் பெட்டியையும் சேர்த்து, கொல்லப்பட்டவர்களில் சிலருடைய குடும்பங்களுக்கு நஷ்ட ஈடாக ஏலம் விடுவது என்று ஒரு ஏற்பாடு நடந்தது. நகரத்துக்கு அவமானம் என்று பதறி, ஜோசப் ஜில்பர் என்ற தொழிலதிபர் முன்னின்று 1996இல் நான்கு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். அந்தச் சாமான்களை வாங்கி, அழித்து, யாருக்கும் தெரியாத இடத்தில் புதைத்தார்கள். பொருளைப் புதைக்க முடிந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து, அதே மீன் தொட்டி, அதே பெட்டி, அதே கதவு எண் 213, செட்டாக எழுந்து நின்றன. ஏலத்தில் ஒருவன்தான் வாங்கியிருக்க முடியும். இப்போது வீட்டுக்கு வீடு.

ஆகவே புதைப்பதும் தடுப்பதும் வழியல்ல. பார்த்தவர்களின் எதிர்ப்புக்கு உடனே பலன் கிடைத்த இடம் ஒன்று உண்டு: இந்த நாடகத்துக்குத் தன்பால் விருப்பம் கொண்டவர்களின் கதைகளுக்கான வகைப்பெயரை நெட்ஃபிளிக்ஸ் ஒட்டியிருந்தது. அவர்களுடைய வாழ்வைக் கொண்டாடும் படைப்புகளின் வரிசையில், அவர்களைத் தேடிக் கொன்றவனின் கதையை வைப்பதா என்று கேட்டார்கள். பெயர் எடுக்கப்பட்டது. சின்னக் காரியம்தான். ஆனால் கேட்டவர்கள் தங்கள் குமட்டலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சொல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அது என்ன செய்கிறது என்று பேசினார்கள். அது விமர்சனம். குமட்டல், எவ்வளவு உண்மையாக இருந்தாலும், விமர்சனம் அல்ல.

இப்படிப்பட்ட படைப்புகளைப் பற்றி நாம் கேட்க வேண்டியது எவ்வளவு பயமாக இருந்தது என்பதல்ல. யாருக்காகப் பயந்தோம், எதைக் கண்டு பயந்தோம், யாருடன் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதைத்தான். இந்த மூன்றையும் கேட்டால் டாமர் நாடகம் முழுக்கத் தேறாது. முழுக்கத் தோற்கவும் செய்யாது. ஆறாவது அத்தியாயம் நிற்கும்.

கிளெண்டா கிளீவ்லண்ட் 2010 டிசம்பரில் இறந்தார். 1991இல் அவர் போலீஸிடம் பேசிய தொலைபேசிப் பேச்சின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. பேச்சு நீளமில்லை. கத்தல் இல்லை, அழுகை இல்லை. ஒரு பெண் நிதானமாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஒரு மனிதர் நிதானமாகத் திரும்பத் திரும்ப, எல்லாம் கவனிக்கப்பட்டுவிட்டது என்கிறார். நூறு கோடி மணி நேரம் பார்த்தவர்களில், அந்தச் சில நிமிஷங்களால் தூக்கம் போயிற்று என்று சொன்னவர்கள் எத்தனை பேர்?